வழிநடைப் பாத்தியம்

மான்செஸ்டர் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில், டார்பிஷயர் மலைகளின் அடிவாரத்தில், ஹேபீல்டு என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. செட் என்னும் சிறிய ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. கல்லால் கட்டிய வீடுகள், ஓர் ஆலயம், சில கடைகள், சில விடுதிகள். இவற்றுக்கு மேல் வியந்து நோக்கத்தக்கது அங்கே அதிகமில்லை. ஆயினும் வார இறுதி நாட்களில் அவ்வூரில் கூட்டம் கூடுகிறது. வருவோர் ஊரைக் காண வருவதில்லை. ஊரிலிருந்து புறப்படும் பாதைகளைத் தேடி வருகிறார்கள்.

மேற்கே செல்லும் பாதை சமமானது. 1868-ஆம் ஆண்டில் அவ்வழியே புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1970 ஜனவரியில் நின்றுபோனது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பின் மாவட்ட நிர்வாகம் நிலத்தை வாங்கி, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் குதிரையில் செல்வோர்க்கும் உரிய பொதுப் பாதையாக அதை மாற்றியது. நியூ மில்ஸ் என்னும் அண்டை ஊர் வரை இரண்டரை மைல். குழந்தைகளும் முதியோரும் களைப்பின்றிச் சென்று மீளலாம்.

கிழக்கே செல்லும் பாதையின் இயல்பு வேறு. அது கிண்டர் ஆற்றின் கரையோடு ஏறி, ஒரு நீர்த்தேக்கத்தைக் கடந்து, வில்லியம் கிளஃப் என்னும் குறுகிய பள்ளத்தாக்கினுள் புகுந்து, கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தின் தோள்வரை செல்கிறது. அம்மேட்டின் உச்சி 636 மீட்டர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளோடு ஒப்பிட்டால் சிறு குன்றுதான். ஆனால் அங்கே மரமில்லை, நிழலில்லை. கரிய மண்ணும் புதரும் ஓயாத காற்றுமே உண்டு. அதன் விளிம்பிலிருந்து வீழும் அருவி, மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கீழே விழாமல் மேல்நோக்கித் திருப்பி எறியப்பட்டுப் புகைபோல் எழுகிறது. அக்காட்சி பல மைல்களுக்கு அப்பாலும் தெரியும்.

இவ்விரு பாதைகளும் இன்று சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றுள் இரண்டாவது எவ்வாறு அந்நிலையை எய்தியது என்பதே நாம் இங்கே சொல்ல விரும்பும் வரலாறு.

முற்காலத்தில் அம்மேட்டு நிலம் அரசனின் வேட்டைக் காடாக இருந்தது. பின்னர் சுற்றியுள்ள மக்கள் ஆடு மேய்க்கவும் எரிகரி மண் வெட்டவும் உரிமை கொண்ட பொதுநிலமாயிற்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தெங்கும் நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. கிண்டர் மேடும் தப்பவில்லை. நிலம் போனபின் எஞ்சியவை பாதைகளே. அவற்றுக்கும் ஆபத்து வந்தது. 1815-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, தேவையற்றது என இரண்டு நீதிபதிகள் கருதினால் எந்தப் பாதையையும் மூடிவிடலாம் என்று அனுமதித்தது. நாட்டுப்புற நீதிபதிகள் யார்? அவ்வட்டாரத்து நிலக்கிழார்களே. விருந்து மேசையில் அமர்ந்திருக்கும் நண்பர் இருவர், தம்முள் ஒருவருடைய தோட்டத்தின் ஊடே ஊரார் நடப்பதை ஒரு கையெழுத்தால் நிறுத்திவிட முடிந்தது. இதனைக் கண்டு கொதித்தெழுந்த மான்செஸ்டர் நகரத்தார் சிலர் 1826-ஆம் ஆண்டிலேயே பழம் பாதைகளைக் காக்க ஒரு சங்கம் கண்டனர். பாதைக்காகச் சங்கம் வைத்து வழக்காடிய முதல் மனிதருள் அவர்களை வைத்தெண்ணலாம்.

மான்செஸ்டரில் அந்த எண்ணம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. பருத்தி ஆலைகள் நெருக்கமாக நிறைந்த நகரம் அது. நம் நாட்டுக் கைத்தறி நெசவாளரின் பிழைப்பைக் கெடுத்த மலிவுத் துணி வந்த திசையும் அதுவே. ஆனால் அத்துணியை நெய்தவர்கள் வாழ்ந்த நிலையை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. புகைபோக்கிகளின் கரியால் வானமே தெரியாத தெருக்களில், நெருக்கி அடித்துக் கட்டிய வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். வாரத்தில் ஐந்தரை நாள் இயந்திரத்தின் இரைச்சல். ஞாயிறு ஒன்றே ஓய்வு. தெருக்கோடியில் நின்றால், தெளிவான நாட்களில், கிண்டர் மேடு கண்ணுக்குத் தெரிந்தது. (1931 செப்டம்பரில் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்றபோது, அவருடைய அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்ததாகச் சொல்லப்பட்ட அவ்வாலைத் தொழிலாளரே அவரை ஆரவாரத்தோடு வரவேற்றனர். ஏழைக்கு ஏழை என்ற உறவு சில நேரங்களில் கடலையும் தாண்டிவிடுகிறது.)

மேட்டின் மீது அவர்கள் ஏறுவதைத் தடுத்தது ஒரு பறவை. கிரௌஸ் என்பது கௌதாரியை ஒத்த ஒருவகைக் காட்டுக்கோழி. ஆகஸ்டு 12-ஆம் நாள் தொடங்கும் வேட்டைப் பருவத்தில் செல்வர்கள் விருந்தினரோடு வந்து அதைச் சுட்டு மகிழ்வர். ஒரே மேட்டில் உண்மையாக வேட்டை நடப்பது ஆண்டில் சில நாட்களே. அச்சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் காவலர்கள் தடியோடு நின்றனர். டெவன்ஷயர் கோமகன் போன்ற பெருநிலக்கிழார்களின் வேட்டை நிலங்களாய் அம்மேடுகள் பிரிந்து கிடந்தன. இதனோடு, 1912-இல் ஹேபீல்டுக்கு மேலே ஸ்டாக்போர்ட் நகராட்சியின் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. நடப்போரால் குடிநீர் மாசுபடும் என்ற அச்சமும் தடைக்கு ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது.

இத்தடைக்கு எதிராக முதலில் எழுந்தவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. 1876-இல் ஹேபீல்டிலேயே பழம் பாதைகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. 1894-இல் மான்செஸ்டரில் தோன்றிய மற்றொரு சங்கம் நிலக்கிழார்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தியது. பழைய வரைபடங்களைத் தேடியது. அவ்வழியே நடந்த முதியோரின் சாட்சியத்தைத் திரட்டியது. மூன்றாண்டு உழைப்பின் பயனாக, 1897 மே 29-ஆம் நாள், ஹேபீல்டிலிருந்து வில்லியம் கிளஃப் வழியாக மேட்டின் மறுபுறமுள்ள ஸ்நேக் விடுதி வரை செல்லும் பாதை பொதுமக்களுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது. எத்தனை கடிதங்கள், எத்தனை மறுப்புகள், எத்தனை முறை வாயிற்படி ஏறி இறங்கியிருப்பார்கள்! அவர்களுடைய பெயர்களை இன்று அறிந்தோர் மிகச் சிலரே. அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. அது நட்ட பச்சை நிறப் பெயர்ப்பலகைகளை அவ்வட்டாரப் பாதைகளில் காணலாம்.

மிதிவண்டிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1890-களில் விலை குறைந்து தொழிலாளர் கைக்கு எட்டிய அவ்வண்டி, நகரத்துச் சுவர்களை அவர்களுக்குத் திறந்துவிட்டது. 'கிளேரியன்' என்னும் சமதர்ம இதழின் வாசகர்கள் 1894-இல் மிதிவண்டிக் குழு ஒன்றை அமைத்தனர். அவ்விதழில் விளம்பரம் செய்து, 1900 செப்டம்பரில் ஒரு ஞாயிறன்று, ஷெபீல்டு நகரத் தொழிலாளி ஜி. எச். பி. வார்டு என்பவர் 14 பேர் கொண்ட குழுவாகக் கிண்டர் மேட்டைச் சுற்றி நடந்தார். வடஇங்கிலாந்தில் தொழிலாளர் நடைக் குழுக்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. வாரம் முழுவதும் குனிந்து உழைத்தவன் ஞாயிறன்று நிமிர்ந்து நடக்க விரும்பினான் என்று சொன்னால் மிகையாகாது.

இனி 1932-ஆம் ஆண்டுக்கு வருவோம். பொருளாதார வீழ்ச்சியால் ஆலைகள் மூடப்பட்ட காலம். நாட்டில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது இளைஞர் குழு ஒன்று மேட்டு நிலத்திலிருந்து வேட்டைக் காவலரால் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு சிலரானதால் விரட்டினார்கள், நூற்றுக்கணக்கில் சென்றால் என்ன செய்வார்கள் என்று அவ்விளைஞர்கள் வினவினர். அவர்களுள் பொதுவுடைமைச் சார்புள்ள தொழிலாளர் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் பென்னி ராத்மன் என்பவர் முன்னின்றார். அவருக்கு அப்போது வயது 20. ஏப்ரல் 24, ஞாயிறன்று கிண்டர் மேட்டில் பெருந்திரளாக அத்துமீறி நுழைவோம் என்று பத்திரிகையில் வெளிப்படையாகவே அறிவித்தார்.

அறிவிப்பைக் கண்டு காவல் துறை விழித்துக்கொண்டது. மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் தம்மைத் தடுத்து நிறுத்திவிடக்கூடும் என்றெண்ணிய ராத்மன், நண்பர் ஒருவரோடு மிதிவண்டியில் ஹேபீல்டுக்கு வந்துசேர்ந்தார். ஊர் விளையாட்டுத் திடலில் கூட்டம் நடத்துவது ஊராட்சியின் துணைவிதிப்படி குற்றம். ஆகவே திரண்டவர்கள் கிழக்கே நடந்து, பவுடன் பாலத்தருகே கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றில் கூடினர். 400 பேர் என்பர். அதில் பாதியே இருக்கும் என்பாரும் உண்டு. பேசுவதற்கு ஏற்பாடான மூத்தவர் தயங்கவே, ராத்மனே பாறைமேல் ஏறிப் பேசினார். பின்பு பாட்டிசைத்தவாறு அனைவரும் நடந்தனர்.

வில்லியம் கிளஃப் பாதையில், 1897-இல் பெற்ற உரிமையின் எல்லைக்குள், அவர்கள் சென்றவரை எவரும் தடுக்கவில்லை. பின்பு குறிப்பொலி எழுந்ததும் பாதையை விட்டு விலகி, செங்குத்தான சரிவில் ஏறத் தொடங்கினர். மேலே 20, 30 காவலர்கள் தடிகளோடு நின்றனர். கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவர் கீழே விழுந்து காயமுற்றார். மற்றபடி பெரும் தீங்கு எதுவும் நிகழவில்லை. மேலேறியவர்கள் மறுபுறமிருந்து வந்த ஷெபீல்டு குழுவினரைக் கண்டு மகிழ்ந்து, வந்த வழியே தலைநிமிர்ந்து ஹேபீல்டுக்குத் திரும்பினர். ஊர் எல்லையில் காவல் துறையினர் காத்திருந்தனர். காவலர்கள் அடையாளம் காட்ட, சிலர் கைதாயினர்.

அந்தக் காயமுற்ற காவலரைப் பற்றி எழுதுவோர் குறைவு. அவர் கோமகன் அல்லர். அன்றைய கூலிக்காக அமர்த்தப்பட்ட தற்காலிக ஆள். அந்தச் சரிவில் அன்று மோதிக்கொண்ட இரு தரப்பிலும் உழைத்துப் பிழைப்பவர்களே இருந்தனர். நிலத்துக்குரியவர்களோ அங்கே இல்லை. ஏப்ரல் மாதம் ஆடுகள் குட்டி ஈனும் பருவம். திறந்து விடப்பட்ட ஒரு வாயிற்கதவு ஒரு மந்தையையே கலைத்துவிடும் என்று ஹேபீல்டு குடியானவர் அஞ்சியதிலும் நியாயம் இருந்தது.

சட்டத்தின் நுணுக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிறர் நிலத்தில் நடப்பது அன்றைய இங்கிலாந்தில் குற்றமன்று. நிலத்துக்குரியவர் நட்டஈடு கேட்டு வழக்கிடலாம், அவ்வளவே. எனவே அறுவர் மீதும் சட்டவிரோதமாகக் கூடுதல், அமைதியைக் குலைத்தல் முதலிய குற்றங்களே சாட்டப்பட்டன. 1932 ஜூலையில் டார்பி நகரில் வழக்கு நடந்தது. குற்றச்சாட்டை ஏற்று விசாரணைக்கு அனுப்பிய ஜூரர் குழுவில் இராணுவ உயர் அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் அமர்ந்திருந்தனர். ராத்மன் தமக்குத் தாமே வாதாடினார். ஐவர்க்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது, ஒருவர் விடுவிக்கப்பட்டார்.

தண்டனை எதிர்பாராத விளைவைத் தந்தது. அத்துமீறலை வெளிப்படையாகக் கண்டித்திருந்த நடைச் சங்கத்தாரே, இவ்வளவு கடுமை கூடாது என்று மனம் வருந்தினர். அவ்வாண்டில் அண்மையிலுள்ள வின்னட்ஸ் கணவாயில் கூடிய கூட்டத்துக்கு 10,000 பேர் வந்ததாகச் சொல்வர்.

அந்நாளின் பெருமையைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் உச்சியை எட்டவே இல்லை. பாதையை விட்டு விலகிச் சென்ற தொலைவும் சிறிதே. நிலக்கிழார்களோடு நிதானமாக நடந்துகொண்டிருந்த பேச்சுவார்த்தையைக் கெடுத்ததுதான் மிச்சம் என்பர் ஒரு சாரார். வார்டு போன்ற முன்னோடிகளே அப்படி எண்ணியதுண்டு. அரை நூற்றாண்டுப் பேச்சுவார்த்தை எட்டாத செவிகளை ஒரு ஞாயிறு எட்டியது என்பர் மறுசாரார். நம் கருத்து இது: 1897-இல் பெற்ற பாதை இல்லாவிடில் 1932-இல் வில்லியம் கிளஃப் வரை வந்திருக்கவே முடியாது. கடிதம் எழுதியவர்கள் திறந்த வழியில்தான் பாட்டுப் பாடியவர்கள் நடந்தனர். பின்வந்தவர்களின் புகழில் முன்சென்றவர்கள் மறைந்து போவது நியாயமன்று.

இன்னொரு வியப்பு. ஐவரைச் சிறைக்கு அனுப்பிய அதே 1932-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வழியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு பயன்படுத்தி வந்தால், அதை நிலத்துக்குரியவர் பொதுவழியாக விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்றது அச்சட்டம். நமக்கு இது புதிதன்று. நம் கிரயப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம் உள்பட' என்று எழுதுகிறோமே, அப்பாத்தியத்துக்கு அடிப்படையான 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டமும் இதே 20 ஆண்டுக் கணக்கைத்தான் சொல்கிறது. சென்னை மாகாணம் அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் ஒன்று. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபே இரண்டுக்கும் தாய். ஆயினும் நம் சட்டம் பெரிதும் ஒரு நிலத்தார் மற்றொரு நிலத்தின் மேல் கொள்ளும் பாத்தியத்தைப் பேசுகிறது. ஹேபீல்டில் கேட்கப்பட்டதோ, சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாதவனுக்கான பாத்தியம்.

பிறகு நடந்தவை விரைந்து சொல்லத்தக்கவை. 1935-இல் டாம் ஸ்டீபன்சன் என்னும் பத்திரிகையாளர், இங்கிலாந்தின் முதுகெலும்பான பென்னைன் மலைத்தொடர் நெடுகிலும் ஒரு நீண்ட நடைவழி வேண்டுமென்று எழுதினார். அது நிறைவேற 30 ஆண்டுகளாயின; 1965 ஏப்ரல் 24-ஆம் நாள் பென்னைன் வழி திறக்கப்பட்டது. கிண்டர் மேட்டின் மறுபுறமுள்ள ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி 268 மைல் செல்லும் அவ்வழி, ஹேபீல்டு பாதையை மேட்டின் தோளில் சந்திக்கிறது. இதனிடையே 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அம்மலை வட்டாரம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அச்சட்டத்தின்படி ஊர்தோறும் பாதைகளைக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. ஊராட்சியினர் தம் ஊர்ப் பாதைகளைத் தாமே நடந்து பார்த்து, எங்கே படிக்கல், எங்கே வாயிற்கதவு என்று எழுதிக்கொடுத்தனர். எழுதாமல் விட்டவையும் பலவுண்டு. அவற்றைப் பதிவுசெய்ய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஜனவரியைக் கெடுவாக வைத்தது. பின்பு அது 2031 வரை தள்ளப்பட்டது. கெடுவையே நீக்கிவிடப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. நூறாண்டுப் பழமையான பாதையும் ஒரு தாளில் ஏறாவிட்டால் இல்லாததாகிவிடும் என்ற கவலையால், தன்னார்வலர் பலர் பழம் படங்களைப் புரட்டிக் கொண்டிருக்கின்றனர்.

அதே 2000-ஆம் ஆண்டுச் சட்டமே மேட்டு நிலங்களிலும் பொதுநிலங்களிலும், பாதையை விட்டு விலகியும், மக்கள் நடந்து திரியும் உரிமையை வழங்கியது. எனினும் அது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்கே பொருந்தும். ராத்மன் 2002 ஜனவரியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, பழைய கற்சுரங்கத்தருகே கூடிய 70-ஆம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், 1932-இல் நிலத்துக்குரியவராயிருந்த கோமகனின் பேரர், 11-ஆம் டெவன்ஷயர் கோமகன், முதிய வயதில் மேடையேறித் தம் குடும்பம் அன்று செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவர் காதில் அது விழவில்லை.

வழக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ராத்மன் மிதிவண்டியில் வந்தார். அவ்வண்டிக்கு மேட்டின்மேல் இன்றும் உரிமையில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டியை அனுமதித்தது. நடப்போர்க்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஒற்றையடிப் பாதைகளில் அவ்வுரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் கால்நடையை மட்டுமே கருதியது. ஸ்காட்லாந்திலோ 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு செல்லும் மிதிவண்டிக்கும் இடம் கொடுத்துவிட்டது. எல்லைக்கு இப்புறம் மலை மிதிவண்டியினர் முறையிடுகின்றனர். நடப்போருள் சிலர் சக்கரங்கள் பாதையை உழுதுவிடும் என்று மறுக்கின்றனர். முன்பு தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தடுப்பவர்களாய் நிற்பதைக் காண்கையில் நமக்குச் சிறிது நகைப்பும் வருகிறது. ஆனால் அவர்களுடைய அச்சம் பொய்யென்றும் சொல்ல முடியாது.

ஏனெனில் மேட்டின் மண் உண்மையாகவே தேய்ந்து போயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பாசி மட்கிச் சேர்ந்த கரிமண் அது. மான்செஸ்டர் புகைபோக்கிகளின் நச்சுப் புகை நூறாண்டுக்கு மேல் அப்பாசியைக் கொன்றது. தீயும் ஆட்டு மந்தையும் மீதியைத் தின்றன. பென்னைன் வழியில் நடந்தோரின் காலடிகள் எஞ்சியதைச் சேறாக்கின. முழங்கால் புதையும் சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாய் ஒதுங்கி நடக்க, ஒற்றையடிப் பாதை பல கஜம் அகலமான கருஞ்சேற்றுப் பட்டையாக விரிந்தது. 1982-இல் கிண்டர் மேட்டைப் பெற்றுக்கொண்ட தேசிய அறக்கட்டளையும் பிறரும் பல ஆண்டுகளாகச் சிற்றோடைகளை அணைத்து, புல்லும் பாசியும் நட்டு அம்மண்ணை மீட்டு வருகின்றனர்.

பாதைக்கு மட்டும் கல் தேவைப்பட்டது. பருத்தித் தொழில் நலிந்து, வடஇங்கிலாந்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்ட காலம் அது. அவற்றின் தரையில் பதித்திருந்த அகன்ற மணற்கற்களை வாங்கி, ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று, சேற்றின்மேல் வரிசையாகப் பரப்பினார்கள். ஹேபீல்டிலிருந்து ஏறி மேட்டின் தோளை அடைந்து வடக்கே திரும்புவோர் இன்று அக்கற்களின் மேல் நடக்கிறார்கள். இயந்திரங்களைத் தரையோடு பிணைக்க ஆலைக்காரர்கள் இட்ட துளைகளைச் சில கற்களில் இன்னும் காணலாம். மழைக்குப் பின் அவற்றில் நீர் தேங்கி நிற்கிறது.